லயத்து வாசலில் வேப்பிலை

சளி பிடித்தவர்கள் வெளிநாட்டுப் பயணம் போவதற்கு இரண்டாயிரத்து மூன்றாம் வருடத்துச் சித்திரை மாதம் உகந்த காலம் அல்ல. திருச்சியில் கிளம்பும்போதே எனக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. கொழும்பிலிருந்து மலைக்கு ஏறும் ரயிலில், என் முதல் தும்மலுக்கு எதிரே இருந்த பெரியவர் பத்திரிகையை உயர்த்திப் பிடித்துக்கொண்டார். இரண்டாவது தும்மலுக்குப் பக்கத்து அம்மாள் பையைத் தூக்கிக்கொண்டு இரண்டு வரிசை தள்ளிப் போய் உட்கார்ந்தார். மூன்றாவது தும்மலுக்குப் பிறகு அந்த இருக்கை முழுவதும் எனக்கே. காலை நீட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தபடி போனேன்.

பெரியவரின் பத்திரிகையில் முகமூடி அணிந்து சாலையைக் கடக்கும் ஹாங்காங் கூட்டத்தின் படம் இருந்தது. தள்ளிப்போன அம்மாள், இறால் வடை விற்க வந்தவரிடம் என்னைக் காட்டிச் சிங்களத்தில் ஏதோ கேட்டார். வடைக்காரர் என்னிடம் வந்து, நான் சிங்கப்பூரிலிருந்து வருகிறேனா என்று அந்த அம்மாள் கேட்பதாகச் சொன்னார். திருச்சி என்றேன். அவர் போய்ச் சொன்னார். அம்மாளுக்கு நம்பிக்கை வரவில்லை. நான் வடை வாங்கிக்கொண்டேன். மூக்கடைப்பில் இறால் இருந்ததும் தெரியவில்லை, மிளகாய் இருந்ததும் தெரியவில்லை.

அவர்கள் பயந்ததில் தப்பில்லை. நான் கல்லூரியில் நுண்ணுயிரியல் நடத்துகிறவள். சளி உண்டாக்கும் கிருமிகளில் கொரோனா என்று ஒரு குடும்பம் உண்டு. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் சுற்றிலும் முள் நீட்டிக்கொண்டு, கிரீடம் வைத்தாற்போல இருக்கும். வருடா வருடம் அதை ஐந்து நிமிடத்தில் தாண்டிப் போய்விடுவேன். மூக்கு ஒழுகும், சரியாகிவிடும், பரீட்சையில் கேள்வி வராது. அந்தக் குடும்பத்தில் ஒன்றுதான் ஏதோ ஒரு மிருகத்திடமிருந்து மனிதனுக்குத் தாவி, மூக்கோடு நிற்காமல் நுரையீரலின் ஆழம்வரை இறங்கியிருக்கிறது என்று அந்த மாதம் கண்டுபிடித்திருந்தார்கள். அது உண்டாக்கும் நோய்க்கு சார்ஸ் என்று பெயர் வைத்திருந்தார்கள். நான் அதுவரை மதிக்காத கிருமி.

என் வேலை அதைப் பற்றியது அல்ல. ஒரு தொண்டு நிறுவனத்துக்காகத் தோட்டத் தொழிலாளர்களுக்குச் சுகாதாரக் கையேடு ஒன்று எழுதியிருந்தேன். கை கழுவுவது, தண்ணீரைக் கொதிக்க வைப்பது, கக்கூஸ் கட்டுவது. எழுதியது புரிகிறதா என்று படித்துக் காட்டிப் பார்க்க ஒரு வாரம். லிந்துலைப் பக்கம் ஒரு தோட்டம். அதன் பெயர் வேண்டாம்; இதில் வரும் ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன்.

தலவாக்கலை ஸ்டேஷனில் சிவஞானம் குடையோடு நின்றார். தோட்டத்து மருந்தகம் அவர் பொறுப்பில். யாழ்ப்பாணத்துக்காரர், மலைக்கு வந்து இருபது வருடமாகிறது. தோட்டத்தில் அவரை எல்லோரும் டாக்டரய்யா என்றார்கள். தான் டாக்டர் இல்லை, மருந்து கொடுக்கிற அப்போதிக்கரிதான் என்று சொல்லிச் சொல்லி அவருக்கு அலுத்துவிட்டதாம். அவர் பேசிய தமிழில் பாதிதான் எனக்குப் புரிந்தது. தோட்டத்து ஆட்கள் பேசியதோ முழுவதும் புரிந்தது. பாஸ்போர்ட்டில் முத்திரை குத்திக்கொண்டு வந்து, உறையூர்க் குழாயடியில் நிற்பதுபோல இருந்தது.

மறுநாள் காலை கண் விழித்தபோது மலையைக் காணோம். ஜன்னலுக்கு வெளியே வெள்ளையாக ஒன்று அசையாமல் நின்றது. அதற்குள்ளிருந்து பேச்சுச் சத்தம் வந்தது, பிறகு கூடைகள், பிறகுதான் பெண்கள். பனிமூட்டம் விலக விலக ஒவ்வொரு தேயிலைச் செடியாக, அப்போதுதான் யாரோ வைத்துவிட்டுப் போனதுபோல வெளிவந்தது. சளி மருந்து குடித்த மயக்கமும் சேர்ந்துகொண்டதால், அந்த வாரம் முழுவதும் நான் பாதித் தூக்கத்தில் நடந்ததாகவே நினைவிருக்கிறது.

காலை உணவு ரொட்டியும், காய்ந்த மிளகாய் இடித்த கட்டச்சம்பலும். ரொட்டி என்றால் நம் ஊர்ச் சப்பாத்தி அல்ல. தேங்காய் போட்டுத் தடிமனாகத் தட்டியது, ஒன்று தின்றால் மதியம்வரை தாங்கும். சம்பலின் காரத்தில் என் மூக்கு மூன்று நாளைக்குப் பிறகு திறந்தது. கூடவே பால் இல்லாத தேத்தண்ணி. உலகத்துக்கே தேயிலை பறித்து அனுப்புகிற ஊரில் ஆட்கள் குடிப்பது கடைசியில் மிஞ்சுகிற தூள் என்று சிவஞானம் சொன்னார். இருந்தாலும் திருச்சியில் நான் குடித்துக்கொண்டிருந்தது வெறும் சர்க்கரைப் பால் என்று அன்று தெரிந்தது.

லயம் என்பது தொழிலாளர் வீடுகளின் வரிசை. நான் போன லயத்தில் ஒரே தகரக் கூரைக்குக் கீழே பன்னிரண்டு அறைகள். அறையைக் காம்பரா என்பார்கள். ஒரு காம்பராவுக்கும் அடுத்ததற்கும் நடுவே சுவர் உண்டு, ஆனால் அது கூரைவரை போகாது. முதல் காம்பராவில் மிளகாய் வறுத்தால் பன்னிரண்டாவதில் தும்முவார்கள். எல்லோருக்கும் தண்ணீர் ஒரே பீலியில். மலைச்சரிவில் குழாய் வைத்து இறக்கிய ஊற்றுத் தண்ணீர், பல்லைக் கூச வைக்கும்.

கையேட்டைப் படித்துக் காட்டினேன். கிருமிக்குக் கண்ணும் பல்லும் வைத்துப் படம் போட்டிருந்தேன். பெண்கள் அதைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கு அய்யாவின் மூஞ்சி அப்படியே இருக்கிறது என்று ஒருத்தி சொல்ல, லயமே சிரித்தது. அவள்தான் புஷ்பம். நாற்பது வயது, கொழுந்து எடுப்பதில் கெட்டிக்காரி, வாயும் அதே வேகம். கணவனை இழந்தவள். தங்கை லெட்சுமி மூன்று வருடமாகச் சிங்கப்பூரில் வீட்டுவேலை பார்க்க, லெட்சுமியின் இரண்டு பெண் பிள்ளைகளையும் புஷ்பம்தான் வளர்த்தாள். லெட்சுமி நாளைக்கு வருகிறாள் என்பதை அந்த வாய்க்காரி மூன்று தடவை சொன்னாள்.

ஏன் திடீரென்று வருகிறாள் என்று கேட்டேன். வேலை பார்த்த மாடிக் கட்டடத்தில் ஒரு வீட்டுக்காரருக்கு அந்தக் காய்ச்சல் வந்துவிட்டதாம். முதலாளியம்மா இரண்டே நாளில் டிக்கெட் எடுத்து அனுப்பிவிட்டாராம். நானும் சிவஞானமும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

லெட்சுமி வேனில் வந்து இறங்கினாள். மெலிந்த உருவம், சிவப்பு ஸ்வெட்டர், சக்கரம் வைத்த பெட்டி. பெட்டியின் சக்கரம் மண் பாதையில் உருளாததால் நாலு பேர் அதைத் தலைக்குமேல் தூக்கி வந்தார்கள். பிள்ளைகள் இருவருக்கும் அம்மாவை அடையாளம் தெரிந்தது, ஆனால் கிட்டே போக வெட்கம். பெரியவள் தங்கையை முன்னால் தள்ளிவிட்டாள். லெட்சுமி சாக்லேட்டை நீட்டிக்கொண்டு குந்தி உட்கார்ந்து காத்திருந்தாள், இவர்கள் தாமாக வரும்வரை. அந்தக் காத்திருப்பு இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

மதியத்துக்குள் பன்னிரண்டு காம்பராவும் புஷ்பத்தின் காம்பராவில் இருந்தது. வெளிநாடு போய் வந்தவளைப் பார்க்காமல் இருந்தால் அது பகை. பார்க்க வருகிறவருக்குத் தேத்தண்ணி கொடுக்காவிட்டால் அது அதைவிடப் பகை. ஆறு கிளாஸ்தான் இருந்தது. ஒருவர் குடித்ததும் அலசி அடுத்தவருக்கு. நடுவில் உட்கார்ந்து கதை சொன்ன லெட்சுமி கைக்குட்டைக்குள் இருமினாள். விமானத்து ஏசி ஒத்துக்கொள்ளவில்லை என்றாள்.

மறுநாள் அவளுக்குக் காய்ச்சல் நூற்றிரண்டு. சிவஞானம் நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டார், நுவரெலியாப் பெரிய ஆஸ்பத்திரிக்கு போன் போட்டார். ஆளைத் தனியாக வையுங்கள், மாத்திரை கொடுங்கள், மூச்சு வாங்க ஆரம்பித்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் அனுப்புங்கள் என்று பதில் வந்தது. ஏழு நாளைக்கான மாத்திரையைப் புஷ்பத்தின் கையில் எண்ணிக் கொடுத்தார். நெஞ்சுச்சளியாக இருந்தால் அதிலேயே கேட்டுவிடும், மற்றதாக இருந்தால் கடவுள் விட்ட வழி என்றார் என்னிடம்.

மாத்திரை சுலபம். தனியாக வைப்பதுதான் கஷ்டம். காய்ச்சல் என்று தெரிந்ததும், முதல் நாள் வராதவர்களும் வந்தார்கள். ஆறுதல் சொல்ல வேண்டுமே. கட்டிலைச் சுற்றிப் பத்துப் பேர், மடியில் கைக்குழந்தைகள் வேறு. இந்தக் கிருமி இருமும்போது தெறிக்கும் துளியில் ஏறிப் போகிறது, அடுத்தவர் முகத்திலோ கையிலோ இறங்குகிறது, அந்தக் கை மூக்குக்குப் போனால் போதும். காய்ச்சல் முற்ற முற்றத்தான் ஆள் அதிகமாகப் பரப்புவார் என்றும் படித்திருந்தேன். கூரைவரை போகாத அந்தச் சுவர்களை அண்ணாந்து பார்த்தேன்.

அன்று மதியம், வேலைக்கு ஆட்களைப் பிரித்து அனுப்பும் பெரட்டுக் களத்தில் நின்று பேசினேன். வகுப்பில் பேசுவதைவிட நன்றாகவே பேசியதாக நினைப்பு. துளி, தூரம், கை, பத்து நாள். எல்லோரும் மரியாதையாகக் கேட்டார்கள். முடிவில் ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு, பூச்சி கண்ணுக்குத் தெரியாது என்றால் அது லெட்சுமியிடம்தான் இருக்கிறது என்று எப்படித் தெரியும் என்றார். தெரியாது, இருக்கலாம் என்றேன். இருக்கலாம் என்பதற்காக ஒரு பெண்பிள்ளையைத் தனியே விடுவதா என்று அவர் வருத்தத்தோடு கேட்டார். அவர்களில் நாலு பேர் களத்திலிருந்து நேரே லெட்சுமியைப் பார்க்கத்தான் போனார்கள்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. ஆனால் அன்று என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

ஏழு வயதில் எனக்கு அம்மை போட்டபோது எங்கள் வீட்டு வாசலில் வேப்பிலை செருகினார்கள். அதைப் பார்த்ததும் தபால்காரர் கடிதத்தைத் திண்ணை ஓரமாக வைத்துவிட்டுப் போனார், பால்காரி வாசலில் ஊற்றிவிட்டுப் போனாள், தெருவில் ஒருவரும் படியேறவில்லை. ஒரு சொற்பொழிவு இல்லை, ஒரு கையேடு இல்லை. லயத்து மக்கள் என் ஊரிலிருந்து போனவர்களின் பேரப்பிள்ளைகள்தானே.

அந்தக் குளிரில் வேம்பு வளராது. தோட்டத்து மாரியம்மன் கோயிலில் திருவிழாவுக்காக மாத்தளைப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வரவழைத்த கொப்புகள் வைத்திருந்தார்கள். லெட்சுமி வீட்டுக்கு என்று பூசாரியிடம் கேட்டேன். அவர் வேறு ஒன்றும் கேட்காமல் ஒரு கொத்தை எடுத்துக் கொடுத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். புஷ்பத்திடம் கொண்டுபோய், வாசலில் கட்டிவிடுங்கள் என்றேன்.

அவள் இலையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அம்மாவா டீச்சர்?"

ஆமாம் என்று நான் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. கட்டி வையுங்கள், நல்லது, மாத்திரையை மட்டும் விடாமல் கொடுங்கள் என்றேன். அவள் தலையாட்டிவிட்டுப் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். சாயங்காலம் சிவஞானத்திடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை.

"யோசனை நல்லதுதான். ஆனா மருந்தை நிப்பாட்டிப் போடுவினம், பாத்துக்கொள்ளுங்கோ."

சொல்லிவிட்டேன், கொடுப்பாள் என்றேன்.

அடுத்த நாள் லயத்தைப் பார்த்தால் வேறு லயம். பெருக்கித் தெளித்திருந்தார்கள். எங்கும் தாளிப்பு வாசனை இல்லை, அரிந்த வெங்காயம் இல்லை. பிள்ளைகள் சத்தம்போடாமல் விளையாடினார்கள். புஷ்பத்தின் வாசலில் யாரோ கஞ்சியும் இளநீரும் வைத்துவிட்டு, கும்பிட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனார்கள். பீலியில் புஷ்பம் தண்ணீர் பிடிக்கும்போது மற்றவர்கள் தள்ளி நின்றார்கள். லெட்சுமியின் பிள்ளைகளைக் கடைசிக் காம்பராக்காரி தன்னோடு வைத்துக்கொண்டாள். நான் பெரட்டுக் களத்தில் கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது, கேட்காததும் கிடைத்தது.

சந்தோஷத்தில் நுவரெலியா பார்க்கக் கிளம்பினேன். சித்திரை அங்கே கொண்டாட்டக் காலம். கொழும்புப் பணக்காரர்கள் குளிருக்காகவே வந்து, ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஐஸ்கிரீம் சாப்பிட்டார்கள். ஏரிக்கரையில் குதிரை சவாரி, தெரு முழுக்கப் பூ, ரோஸ்மில்க் நிறத்தில் ஒரு தபால் நிலையம். ஸ்ட்ராபெரி வாங்கிப் புளிப்பில் கண்ணை மூடிக்கொண்டேன். எவரும் எவரோடும் இடித்துக்கொண்டுதான் நடந்தார்கள். ஒருவர் தும்மினால் மற்றவர் சிரித்தார். உலகத்தின் இன்னொரு பக்கத்தில் சாலைகள் காலியாகக் கிடக்கின்றன என்பது அங்கே ஒரு கட்டுக்கதை போலிருந்தது.

திரும்பும் பஸ், நானுஓயா தாண்டிய இறக்கத்தில் பனிமூட்டத்துக்குள் நின்றுபோனது. பெல்ட் அறுந்துவிட்டது. எல்லோரும் இறங்கி நின்றோம். இரண்டு கை தூரத்துக்கு அப்பால் ஆள் தெரியவில்லை, குரல்தான் தெரிந்தது. சிங்களத்தில் ஒருவர் தன் மகளின் கல்யாணத்தைப் பற்றிப் பேச, தமிழில் ஒருவர் அதற்கு ஆமாம் போட்டுக்கொண்டிருந்தார். யார் முகமும் யாருக்கும் தெரியாத அந்த வெண்மைக்குள் நான் மனம் லேசாகி நின்றேன். நான் அவ்வளவு நிம்மதியாக இருந்தது அந்தப் பயணத்திலேயே அந்த அரைமணி நேரம்தான்.

அதற்கு மறுநாள் மழை. நானும் சிவஞானமும் குடையோடு புஷ்பத்தின் வாசலுக்கு வெளியே நின்றோம். உள்ளே யாரும் போகக்கூடாது என்பது நானே போட்ட விதி. அதை மீறினால் மற்றவர்களும் மீறுவார்கள் என்று அவரையும் தடுத்திருந்தேன். மருந்து எப்படி என்று அவர் கேட்டார். எல்லாம் நேரத்துக்கு வைக்கிறேனுங்க அய்யா என்றாள் புஷ்பம். உள்ளிருந்து இருமல் கேட்டது. முந்தியதைவிடக் குறைவாகத் தோன்றியது. இரும அவளுக்குத் தெம்பில்லாமல் போயிருந்தது என்று அப்போது எனக்குத் தெரியாது.

வேப்பிலை கட்டிய மூன்றாம் நாள் காலை மழை விட்டிருந்தது. வாசலில் நின்றவுடனே சிவஞானத்தின் முகம் மாறியது. உள்ளே மூச்சு சீறிக்கொண்டிருந்தது. அவர் செருப்பைக் கழற்றினார், கைக்குட்டையால் வாயை மூடிக் கட்டிக்கொண்டு உள்ளே போனார். நானும் போனேன்.

லெட்சுமியின் உதடு நீலம் பாரித்திருந்தது. கண் திறந்திருந்தது, எங்களைப் பார்க்கவில்லை. தலைமாட்டில் மாரியம்மன் படம். படத்தின் முன்னால் ஒரு எவர்சில்வர் தட்டு. தட்டில் மஞ்சள், குங்குமம், ஒரு பூ, அதற்கு நடுவே சிவஞானம் எண்ணிக் கொடுத்த மாத்திரைகள். புஷ்பம் வேளை தவறாமல் எடுத்து வைத்திருந்தாள்.

எனக்குத் தெரியும். அம்மை போட்ட வீட்டில் மருந்து கொடுக்கமாட்டார்கள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகமாட்டார்கள் என்பது, வேப்பிலை செருகுவார்கள் என்பது தெரிந்த அதே வயதிலிருந்து எனக்குத் தெரியும். எனக்கு வேண்டிய பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றப் பாதியை ஒரு வார்த்தையில் தள்ளிவிடலாம் என்று நினைத்திருந்தேன்.

சிவஞானம் கொழுந்து லொறிக்கு ஆள் அனுப்பினார். லொறி வந்தது. லயத்து ஆட்களும் வந்தார்கள். சண்டை போடவில்லை. லொறிக்கு முன்னால் பாதையில் அமைதியாக உட்கார்ந்தார்கள். முத்து வெளியே போடவில்லை, அம்மா உள்ளுக்குள் இறங்கியிருக்கிறாள், மூன்று தண்ணி ஊற்றுமுன் வாசலைத் தாண்டிக் கொண்டுபோனால் கோபம் பன்னிரண்டு காம்பராவிலும் விழும் என்றார்கள். கைக்குழந்தைக்காரிகள் அழுதார்கள். லெட்சுமி சாகவேண்டும் என்று அங்கே ஒருவரும் நினைக்கவில்லை. ஒவ்வொருவரும் தன் பிள்ளையை நினைத்தார்கள்.

நான் சொல்லிவிடுகிறேன் என்றேன் சிவஞானத்திடம். அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இப்ப சொன்னா நம்பமாட்டினம். கதைச்சுக்கொண்டு நிக்க நேரமில்லை."

அவர் பூசாரியை அழைத்து அம்மனிடம் உத்தரவு கேட்கச் சொன்னார். சிலையின் இரண்டு தோளிலும் ஈரப் பூ ஒட்டி வைப்பார்கள். வலது பூ முதலில் விழுந்தால் சம்மதம். கோயிலுக்குள் நாற்பது பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். பனிமூட்டம் வாசல்வழியே உள்ளே வந்தது. கற்பூரப் புகை எது, பனி எது என்று தெரியவில்லை. பூ விழவில்லை. கால்மணி நேரம், அரைமணி நேரம். வருடத்துக்கு இருநூறு மாணவிகளுக்குக் கிருமிப் பாடம் நடத்துகிறவள் கையைக் கூப்பி, வலது பூவே விழு, வலது பூவே விழு என்று சொல்லிக்கொண்டு நின்றேன். ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. வலதுதான் விழுந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் புஷ்பம் வேப்பிலைக் கொத்தோடு இறங்கினாள். அதைப் பார்த்ததும் சிங்கள நர்ஸ் பேச்சே இல்லாமல் தனி அறையைத் திறக்கச் சொன்னார். அவர்கள் பாஷையிலும் அதற்குத் தெய்வத்து நோய் என்றுதான் பெயராம், சிவஞானம் சொன்னார். சிங்கப்பூர் என்று கேள்விப்பட்டதும் முகமூடி அணிந்துகொண்டு ஒரு டாக்டர் ஓடிவந்தார். எத்தனை நாளாக மருந்தில்லாமல் இருக்கிறாள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். மூன்று நாள் என்று நான்தான் சொன்னேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு லெட்சுமி இறந்துபோனாள்.

பெட்டியை மூடியே கொடுத்தார்கள். தோட்டத்துச் சுடுகாடு தேயிலைக்கு நடுவிலேயே இருக்கிறது. மூத்த பெண் அழாமல் நின்றாள், அம்மா வந்த அன்று நின்ற அதே தயக்கத்தோடு. கூட்டத்தில் பலர் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அம்மா வந்திருப்பதை முதலில் கண்டு சொன்னது டீச்சர்தான் என்று ஒருத்தி மற்றவளிடம் சொன்னது காதில் விழுந்தது.

ஒரு மாதம் கழித்துத் திருச்சிக்குச் சிவஞானத்தின் கடிதம் வந்தது. கொழும்புக்கு அனுப்பிய சோதனையில் சார்ஸ் இல்லை என்று முடிவாம். நிமோனியா, சாதாரண நிமோனியா. அந்த மாத்திரையை ஒழுங்காகக் கொடுத்திருந்தால் பெரும்பாலும் பிழைத்திருப்பாள் என்று அவர் எழுதவில்லை. எழுதவேண்டிய அவசியமும் இல்லை.

ஆனால் ஆஸ்பத்திரி டாக்டரின் பேச்சிலிருந்தே நான் அதைப் புரிந்துகொண்டிருந்தேன். அதனால் தோட்டத்தைவிட்டுக் கிளம்பிய அன்று காலையே பீலிக்குப் போனேன். புஷ்பம் தனியாக, சாவு வீட்டுக்கு வந்தவர்கள் குடித்த கிளாஸ்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கல்லில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அது அம்மை இல்லை. ஆட்கள் வராமல் இருப்பதற்காக நான் செய்தது. என்னைத் திட்டுங்கள், அடிக்கக்கூடச் செய்யுங்கள் என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவள் கை நிற்கவில்லை. கிளாஸைக் கவிழ்த்து வைத்தாள், அடுத்ததை எடுத்தாள். தண்ணீர் பாட்டுக்குக் கொட்டிக்கொண்டிருந்தது.

"இத வேற யாருகிட்டயாவது சொன்னீங்களா?"

டாக்டரய்யாவுக்கு மட்டும் தெரியும் என்றேன்.

"சொல்லாதீங்க டீச்சர். அம்மா கூட்டிக்கிட்டுப் போயிட்டான்னுதான் அந்தப் புள்ளைங்க நெனச்சிருக்குதுங்க. அது அம்மா இல்லேன்னா, மாத்திரையத் தட்டுல எடுத்து வச்சது யாருங்க? நான்தானே. அதுங்க நாளைக்கும் என் கையாலதானே திங்கணும்."

மனச்சுமையை இறக்கி வைக்கத்தான் போனேன். அதை அவள் தலையில் இறக்கிவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது. சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வழி இருந்திருந்தால், முழங்கால் போட்டு வாங்கியிருப்பேன்.

கிளாஸ்களை முடித்துவிட்டு அவள் முகத்தைக் கழுவிக்கொண்டாள். பெரட்டுக்கு நேரமாகிவிட்டது, பத்திரமாகப் போய்ச் சேருங்கள் என்றாள். கூடையை முதுகில் போட்டுக்கொண்டு மேட்டில் ஏறினாள். பத்தடியில் பனிமூட்டம் அவளை எடுத்துக்கொண்டது.

புஷ்பம் உயிரோடு இருந்தவரை நான் இதை வேறு யாரிடமும் சொல்லவில்லை.